பரங்கிக்காய் வாரம்

என் கணவருக்கு வேலை போன மாதம்தான் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் அந்த அட்டவணை ஏறியது.

அலுவலகத்தில் ஒரு பெரிய குழுவையே வைத்து வேலை வாங்கியவர். ஆள் குறைப்பு என்று கூப்பிட்டுச் சொல்லி, சில மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முதல் இரண்டு வாரம் மந்தைவெளி வீட்டு பால்கனியில் உட்கார்ந்து, எதிர்க் கட்டடத்தில் கொத்தனார் சுவர் பூசுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு நாள் லேப்டாப்பைத் திறந்து, நாங்கள் போனில் ஆர்டர் செய்து வரவழைத்துச் சாப்பிட்டதற்கெல்லாம் எவ்வளவு போயிருக்கிறது என்று கூட்டினார். தொகையை என்னிடம் சொல்லவில்லை. "கொஞ்சம் உட்காரு" என்று மட்டும் சொன்னார்.

"இனிமே சனிக்கிழமை சாயங்காலம் மெனு மீட்டிங். வாரத்துக்கு என்ன சமையல்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டா பாதிச் செலவு குறையும்."

"மீட்டிங்குக்கு யார் யார் வரணும்?"

"நீ, நான், பாப்பா."

பாப்பா பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டு, "லீவு எடுத்துக்கலாமாப்பா?" என்று கேட்டாள். அவர் கூடாது என்றார்.

அட்டவணை வண்ண வண்ணமாக அழகாகவே இருந்தது. ஆனால் 'பொறுப்பு' என்ற கட்டத்தில் ஏழு நாளும் என் பெயர். நான் அடையாறில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், காலை எட்டு மணிக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்புகிறவள் என்பதை நினைவூட்டினேன். கொஞ்சம் யோசித்து, நான்கு நாளைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அதுவரை அவருக்குத் தெரிந்த சமையல் வெந்நீர் மட்டும்தான்.

முதல் ஞாயிறு, மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்து மார்க்கெட்டில் காய் மலிவு என்று, துணிக்கடைக் கட்டைப்பை இரண்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். திரும்பி வந்தது ஆட்டோவில். மடியில் ஒரு முழுப் பரங்கிக்காய், குழந்தையை அணைத்த மாதிரி பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"வெட்டி வாங்கினா கிலோ விலை ஜாஸ்தி. முழுசா எடுத்தா கம்மி."

ஆட்டோவுக்குக் கொடுத்த பணத்தையும் சேர்த்தால், வீட்டுப் பக்கத்து மாட வீதியிலேயே அதைவிட மலிவாகக் காய் வாங்கியிருக்கலாம். அதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாள் சொன்னேன்.

திங்கட்கிழமை பரங்கிக்காய் சாம்பார். செவ்வாய் கூட்டு. புதன் புளிக்குழம்பு. வியாழன் அட்டவணைப்படி 'மீதம்', அதாவது முந்தின மூன்றும் ஒன்றாக. "நாளைக்கும் மஞ்சளாப்பா?" என்று பாப்பா தினமும் ராத்திரி கேட்டுவிட்டுத்தான் படுக்கப் போனாள்.

வியாழன் சாயங்காலம், அவர் மாவு வாங்கப் போன நேரம் பார்த்து, ஒரு பெரிய துண்டாக வெட்டி எதிர் வீட்டு மாமியிடம் கொடுத்துவிட்டேன். ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது. மறுநாள் சாயங்காலம் மாமி கதவைத் தட்டினார். கையில் மூடி போட்ட கிண்ணம்.

"நேத்து குடுத்தேளே, அல்வாவா கிளறிட்டேன். எங்காத்துல ரெண்டு பேருக்குமே சர்க்கரை வியாதி. வாசனைக்கு ஒரு ஸ்பூன் எடுத்துண்டோம். மீதியெல்லாம் உங்களுக்குத்தான்."

என் கணவர் கிண்ணத்தை வாங்கித் திறந்து பார்த்தார். அந்தக் காய் மாமி வீட்டுக்கு எப்படிப் போனது என்று அவர் கேட்கவே இல்லை. "பார்த்தியா, ஸ்வீட்டும் ஆயிடுச்சு" என்றார். பேனாவை எடுத்து, வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் அடைக்கு எதிரே 'அல்வா' என்று எழுதிவைத்தார், முன்பே திட்டமிட்டிருந்தவர் போல.

நான் ஏன் பொறுத்துக்கொண்டேன் என்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை டக்-இன் செய்துகொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பியதை நான் பார்த்திருந்தேன். வேலை போனதிலிருந்து அந்தச் சட்டை அலமாரியை விட்டு வெளியே வந்ததில்லை. பால்கனி நாற்காலிக்கு அவர் திரும்பிப் போகாமல் இருந்தால் போதும், இன்னும் இரண்டு பரங்கிக்காய் வந்தாலும் சாப்பிடலாம் என்று தோன்றியது. ஒன்று என்றால் இன்னும் நல்லது.

அப்புறம் அவருக்குச் சமையல் வர ஆரம்பித்தது. ஒரு புதன்கிழமை மதியம், கம்ப்யூட்டரில் ஒரு நேர்காணல். அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு மறந்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய தலைமைப் பண்புகள் என்ன என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது விசில் வந்ததாம். "ஒரு நிமிஷம் சார்" என்று எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கிறார். காய்ச்சல் என்று அன்று வீட்டிலிருந்த பாப்பாதான் இதை எனக்குச் சொன்னாள். அந்த வேலை கிடைக்கவில்லை. பருப்பு மட்டும் அன்றைக்கு நன்றாக வெந்திருந்தது. அதை நான் சொன்னபோது, "நாலு விசில் விடணும். அன்னிக்கு ஒண்ணுலயே நிறுத்திட்டேன், சூட்டுலயே வெந்திருக்கு" என்றார். பிறகு தானே சிரித்துவிட்டார்.

சில மாதம் கழித்து கிண்டியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்பைவிடக் குறைவு, ஆகவே அட்டவணை இறங்கவில்லை. சனிக்கிழமை மீட்டிங் மட்டும் ஆள் வராமல் நின்றுபோனது. மாதக் கடைசியில் கை கடிப்பது குறைந்திருந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

போன மாதம் முதல் தடவையாக நானும் அவரோடு மார்க்கெட்டுக்குப் போனேன். வழக்கமாக வாங்கும் கடை என்று ஓர் அம்மாவிடம் கூட்டிப்போனார். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், வூட்டம்மாவா?" என்றார். பிறகு என்னிடம், "சாரு பேரமே பேச மாட்டாரும்மா. நான் சொல்றதைக் குட்த்துட்டு, இத்த எப்பிடி செய்யுறதுன்னு கேட்டுக்கினே நிப்பாரு. யாவாரத்தப் பாக்க வுட மாட்டாரு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஒரு கத்தரிக்காயைக் கையில் எடுத்து மிகுந்த கவனத்தோடு திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பேரம் பேசினேன். "நீ வராமயே இருந்திருக்கலாம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அந்த அம்மா கொஞ்சம் குறைத்தார். கொத்தமல்லிக் கட்டை மட்டும் என் கணவர் பையில்தான் சும்மா போட்டார்.

பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியில் அவர் ஒரு சின்ன டிபன் கடைக்குள் திரும்பினார். உட்காரும் முன்பே பரிமாறுகிறவர், "வழக்கம்போல பொங்கல் வடையா சார்? இன்னிக்கு ரெண்டு செட்டா?" என்று கேட்டார்.

"எல்லா ஞாயித்துக்கிழமையுமா?" என்றேன்.

"இது சாப்பாட்டுக் கணக்குல வராது" என்றார் என் கணவர். "போக்குவரத்துல வரும்."

பொங்கலில் நெய் தாராளமாக இருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, எனக்கு இன்னொரு வடை வேண்டும் என்றேன்.