விசர் ஆஸ்பத்திரியில் கேட்ட குரல்

எண்பத்தேழில் சண்டை தொடங்கியபோது நாங்கள் யாழ்ப்பாணத்தில், அரியாலையில் இருந்தோம். எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே ஷெல் விழத் தொடங்கியதும், கடலேரிக் கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய விசர் ஆஸ்பத்திரிக்குள் போய்ப் புகுந்தோம். அங்கிருந்த மனநோயாளிகளை முன்பே வேறிடங்களுக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்கும் அனுப்பியிருந்தார்கள். சுவர்கள் கனமானவை என்பதால்தான் போனோம். இல்லாவிட்டால் பகலில்கூட ஒருவரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். கிணற்றில் விழுந்து செத்த பெண் ஒருத்தி உள்ளேயிருந்து அழுகிறாள் என்று சிறுவயதிலிருந்தே கேள்விப்பட்டிருந்தேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. சோதனை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தேன். முன்கூடத்தில் ஏழெட்டுக் குடும்பங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. ஒரு கணம்கூட ஓரிடத்தில் இருக்க முடியவில்லை எனக்கு. எழும்பி நடப்பேன், ஷெல் கூவினால் குந்துவேன், மறுபடி நடப்பேன்.

ஒரு பின்னேரம் மேற்குப் பக்கத்துக் கட்டடத்திலிருந்து பெண்குரல் வந்தது. யார் யாரையோ பெயர்சொல்லிக் கூப்பிட்டது. தாய்மார் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு மூலைக்கு ஓடினார்கள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். மறுநாளும் அதே குரல். வெளியே ஷெல், உள்ளே இது. பொறுக்க முடியாமல், அம்மா அடுப்படியில் நின்ற நேரம் பார்த்துப் போனேன்.

கட்டையாக வெட்டிய தலைமயிரோடு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கட்டில்கள் இருந்த இடங்களில் ஒவ்வொன்றாக நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆர் நீங்கள்?" என்றேன்.

"நான் இஞ்சத்தை ஆள். நீ ஆர்?"

நோயாளிகளை அனுப்பியபோது அவரை அண்ணன் வீட்டில் ஒப்படைத்திருக்கிறார்கள். "அவை என்னை மாட்டுக் கொட்டிலுக்கை விட்டுப் பூட்டினவை. அதுதான் நடந்து வந்திட்டன். மற்றவையும் வந்திருப்பினமெண்டு பாக்கிறன்."

"இஞ்சை பேய் அழுகுதெண்டு சனம் கதைக்குது."

அவர் சிரித்தார். "கிணத்துக்கை விழுந்தவ என்ரை பக்கத்துக் கட்டில். பிள்ளையைப் பாக்க விடுங்கோ எண்டு நெடுகலும் அழுதவ. உயிரோடை இருக்கேக்கை அழுதது, பிள்ளை. றோட்டாலை போன சனத்துக்குக் கேட்டது அதுதானே."

அதற்குள் அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். கையில் ஒரு விறகுக்கட்டை. அந்தப் பெண்ணையும் அவருடைய ஒட்டிய வயிற்றையும் கொஞ்ச நேரம் பார்த்தார். கட்டையைக் கீழே போட்டார்.

"சாப்பிட்டனீங்களோ அக்கா?"

முன்கூடத்துக்குக் கூட்டிவந்ததும் சனம் குழம்பியது. "விசரை ஏன் இஞ்சை கொண்டு வாறியள்?" என்று ஒருவர் கத்தினார்.

"பேயெண்டு பயந்தனீங்கள். இப்ப மனிசி எண்டு தெரிஞ்சும் பயமோ?" என்று கேட்டுவிட்டு அம்மா சோற்றைப் போட்டார். அம்மா அப்படிக் குரல் உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை.

சண்டை ஓய்ந்து வீடு திரும்பியபோது அவரும் எங்களோடு வந்தார். எட்டு வருடம் இருந்தார். எங்கள் வீட்டில் எந்தக் கதவையும் பூட்ட முடியாது, பூட்டினால் நடுங்குவார். "கள்ளன் வந்தா என்ன செய்யிறது?" என்று அப்பா முணுமுணுத்தபடியே கதவைச் சாத்தி, கதிரையை முண்டுகொடுத்துவிட்டுப் படுப்பார். பக்கத்து வீட்டார் கொஞ்ச நாள் எங்களோடு கதைக்கவில்லை. எனக்கும் சிலநேரம் எரிச்சல் வரும். அவர் விறாந்தையில் இருந்து பழைய பெயர்களைச் சொல்லத் தொடங்கினால், நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடுவேன்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணமே மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தபோது அவரும் நடந்தார். கடலேரியைக் கடக்கும் பாலத்தில் நெரிபட்டு நான் அழத் தொடங்க, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நில்லாதை, நட" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பள்ளிக்கூடமொன்றில் ஒதுங்கிய இடத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து கிடைக்கவில்லை. அந்த மாதமே இறந்துபோனார்.

மரணத்தைப் பதியும்போது, இறந்தவர் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டார்கள். "என்ரை அக்கா" என்றார் அம்மா. இறந்தவருடைய அண்ணன் எங்கே இடம்பெயர்ந்திருந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் தேடவும் இல்லை.