உறைய மறுத்த ரத்தம்

மீனம்மாவைத் தோட்டத்தில் எல்லாரும் வாயில்லாப் பூச்சி என்றுதான் சொல்வார்கள். கொட்டகலைக்கு மேலே அந்த மலைக்கு அவள் மணப்பெண்ணாக வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. மலை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடிக்கும்போது எவளாவது அவள் குடத்தைத் தள்ளி வைத்தால், பேசாமல் எடுத்துக்கொண்டு கடைசியில் போய் நிற்பாள். பிள்ளை இல்லை என்று லயத்து வரிசை வீடுகளில் பெண்கள் ஜாடை பேசினாலும், கேட்காதவளைப் போலக் குனிந்து அரிசி புடைப்பாள்.

அவள் வாய் திறப்பது ஒருவனிடம் மட்டும்தான். வீட்டுக் கதவைச் சாத்திவிட்டால் போதும், அன்றைக்கு நடந்ததையெல்லாம் புருஷனிடம் கொட்டித் தீர்ப்பாள்.

"ஊருக்கெல்லாம் ஊமை, எனக்கு மட்டும் கிராமபோன் பெட்டி" என்று சிரிப்பான் வீரபத்திரன்.

அவன் கவ்வாத்துக்காரன். ஓங்கி வளர்ந்த தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டி முழங்கால் உயரத்துக்கு இறக்குகிற வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், பனி விழுகிற மாதம். ஒரு நாள் காலையில் ஈரத்தில் கத்தி வழுக்கி அவனுடைய இடது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. கத்தி படாத கை அந்த மலையில் ஏது? வழக்கம்போலக் கொழுந்தை மென்று வைத்து அழுத்தி, துணி சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான்.

மத்தியானம் மீனம்மா ரொட்டியும் தேத்தண்ணியும் கொண்டுவந்தபோது துணியை அவிழ்த்துக் காட்டினான். காயத்தின் மேல் ரத்தம் கறுத்து இறுகியிருந்தது.

"பாத்தியா புள்ள, அதுவே பூட்டிக்கிச்சு."

"சாப்புடுற நேரத்துல காட்டாதீங்க."

அப்போதுதான் எங்கிருந்தோ வந்த ஒரு குளவி அவன் பிடரியில் கொட்டியது. அவன் அதை அறைந்து தள்ளினான்.

"போன மாசம் ஒரு கூட்டமே கொட்டுச்சு. மூணு நாள் காய்ச்சலோட போயிருச்சு. இந்த ஒத்தக் குளவி என்னைய என்னா செஞ்சிரும்?"

பாதி ரொட்டி கையிலிருக்கும்போதே உடம்பைச் சொறிய ஆரம்பித்தான். மார்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. உதடு வீங்கியது. "மூச்சு முட்டுது மீனா" என்றவன் அப்படியே சாய்ந்தான். ஐயோ, அந்தக் கையைப் பார்க்க வேண்டுமே! காலையில் இறுகிய ரத்தக்கட்டு கரைந்து, காயம் மறுபடி வாய் திறந்து, ரத்தம் தண்ணீர் போல ஓடியது.

கவ்வாத்துக் கங்காணி பொன்னையா ஓடிவந்து பார்த்தார். சிந்திய ரத்தம் கல்லின் மேல் உறையாமல் வழிந்தது.

"அட, விரியன் தீண்டிருச்சுடா! ரத்தம் கட்டாம ஓடுனா விரியன்தான். செடித்தூர்ல கைய விட்டிருக்கான்!"

"குளவிங்க கங்காணியய்யா. நான் பாத்தேங்க" என்றாள் மீனம்மா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஒரு குளவிக்கு ஆம்பள விழுவானா? போம்மா அங்கிட்டு!"

பாம்பு தீண்டியவனைப் படுக்க விடக்கூடாது, கண் மூட விடக்கூடாது, நடத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மலையில் எல்லாரும் நம்பியது அதைத்தான். கூட வேலை செய்த இராமையாவும் இன்னொருவனும் வீரபத்திரனைத் தூக்கி நிறுத்தினார்கள். டிக்கோயாப் பக்கம் இருந்த விஷக்கடி வைத்தியரிடம் நடத்திக்கொண்டு போவதாக ஏற்பாடு.

நிமிர்த்தியதும் அவன் முகம் வெளுத்துக் கண் செருகியது. கால் மடங்கிச் சரிந்தபோது கண் திறந்தது. மறுபடி தூக்கினார்கள், மறுபடி செருகியது.

"படுக்கணும் புள்ள..." என்றான். வார்த்தை முழுசாக வரவில்லை.

அந்த ஒரு சொல் மீனம்மாவை என்ன செய்ததோ! இராமையாவின் கையைப் பிடித்து இழுத்தெறிந்து, கீழே கிடந்த புருஷன் கத்தியை எடுத்தாள்.

"விடுங்கடா! நிக்க வச்சே கொன்னுருவீங்க போல இருக்கே! எம் புருசன் படுக்கணும்னு கேக்குறாரு, காதுல விழல? இனி யாராச்சும் தூக்குனீங்க, இந்தக் கவ்வாத்துக் கத்தி எங் கையிலதான் இருக்கு!"

சுற்றி நின்றவர்கள் பின்வாங்கினார்கள். ஊமையா பேசுகிறாள்?

அவனைச் சரிவிலேயே கிடத்தி, மேட்டுப் பக்கம் காலை வைத்தாள். முந்தானையைக் கிழித்து உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்தாள். பக்கத்து வீட்டு வேலாயி ஒருத்திதான் அவள் பேச்சைக் கேட்டு, தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினாள்.

டிஸ்பென்சர் நாகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். பையோடு மூச்சிரைக்க ஏறி வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "ஆர் இவனைப் படுக்க விட்டது?"

கங்காணி மீனம்மாவைக் காட்டினார். "நாங்க சொன்னோங்கய்யா. இந்தப் புள்ள கேக்கல."

மீனம்மா புருஷன் முகத்தைப் பார்த்தாள். தன் கையாலேயே புருஷனைக் கொன்றுவிட்டோமா?

"நிமித்தி நடத்தியிருந்தால் பாதி வழியிலை போயிருப்பான்" என்றபடி அவர் ஊசியை ஏற்றினார். பிறகு, அவளைப் பார்த்துத் தணிவாகச் சொன்னார். "பாம்பில்லை பிள்ளை, குளவிதான். போன மாசம் அத்தனை கொட்டு வாங்கினதிலையிருந்து அந்த விஷம் இவன்ரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளேல்லை. அந்த அதிர்ச்சியிலை, உறைஞ்ச ரத்தத்தைக் கரைக்கிற ஏதோ ஒண்டு உடம்புக்குள்ளையே கிளம்பியிட்டுது. நாய்களுக்கு இப்படி ரத்தம் உறையாமல் போறதெண்டு படிச்சனான். மனிசனிலை இண்டைக்குத்தான் பாக்கிறன். அதிர்ச்சி அடங்கட்டும். அதுவரைக்கும் கையை விடாதே."

அவள் விடவில்லை. கம்பளியைத் தொட்டில்போலக் கட்டி, அவனைப் படுத்தவாக்கிலேயே டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போனபோதும் கூடவே ஓடினாள். கட்டிலருகே மண்டியிட்டுப் பிடித்திருந்தாள். விரல் மரத்துப்போனது. வேலாயி "நான் புடிக்கிறேன், குடு" என்றபோது தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். அந்தப் பிடியில்தான் அவளுடைய உலகமே இருந்தது.

பொழுது சாய்கிற நேரம் வீரபத்திரன் கண் விழித்தான். வீங்கிய உதடு கோணச் சிரித்தான்.

"கங்காணிய வெட்டப் போனியாமே?"

வாசலில் பொன்னையா நின்றிருந்தார். "அடேயப்பா, இத்தன நாளு இந்த வாய எங்கம்மா வச்சிருந்த?" என்று கேட்டுவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். மீனம்மா வழக்கம்போலத் தலை குனிந்துகொண்டாள்.

அன்றைக்குப் பிறகும் அவள் ஊரில் அதிகம் பேசியவளில்லை. ஆனால் பீலியில் அவள் குடத்தை யாரும் தள்ளி வைக்கவில்லை. குளவி கொட்டி எவனாவது மயங்கினால், முதலில் அவனைப் படுக்க வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்த்தார்கள்.

அந்த மாலையில் அவளுக்கு இதெல்லாம் தெரியாது. இனிக் கையை விடலாம் என்று டிஸ்பென்சர் சொன்ன பிறகு, மரத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முந்தானைத் துணியை மெல்ல விலக்கினாள். காயத்தின் மேல் ரத்தம் கறுத்துத் திரண்டு, அசையாமல் நின்றது.

"பூட்டிக்கிச்சுங்க" என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல், அந்தக் கையில் முகம் புதைத்து விம்மினாள்.