எர்த் குழிக்கு இரண்டு வாளி

அந்த அலுவலகத்தில் நெட்வொர்க் நின்றுவிட்டால் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. மேலாளர் கீபோர்டைத் தூக்கி மேசையில் அறையும் சத்தம் மாடி முழுவதும் கேட்கும். நான் சேர்ந்த பிறகு மூன்று கீபோர்டுகளும் ஒரு தொலைபேசியும் அப்படிப் போயின. ஒரு முறை அவர் வீசிய ஸ்டேப்ளர் பில் போடும் குமாஸ்தாவின் காதோரத்தைக் கிழித்தது. குமாஸ்தா ஒரு கையால் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, மறு கையால் பில்லை முடித்தார்.

கிழக்குத் தாம்பரத்தில் மாடம்பாக்கம் போகும் சாலையில் இருந்தது அந்த வாகன உதிரிபாக விநியோக அலுவலகம். தொண்ணூறுகளின் தொடக்கம், மழை ஏமாற்றிய ஒரு வருடத்தின் கோடை. ஆறு கணினிகள். ஆறையும் ஒரே கறுப்புக் கேபிள் வரிசையாகக் கோத்திருந்தது. ஒவ்வொரு கணினியின் முதுகிலும் ஓர் உலோக இணைப்பு, கேபிளின் இரண்டு முனைகளிலும் டெர்மினேட்டர் என்கிற சின்ன மூடி. வழியில் எங்கே கோளாறு வந்தாலும் ஆறும் ஒன்றாக நிற்கும். இதைப் பராமரிப்பது என் பொறுப்பு. பக்க எண் போட்ட நோட்டில் ஒவ்வொரு பழுதையும் நேரம், காரணம், செய்த வேலை என்று எழுதுவேன். மாலையில் மேலாளர் படித்துக் கையெழுத்திடுவார். வீட்டுக்கு வந்து அதையே என் நாட்குறிப்பிலும் எழுதிவைப்பேன். இங்கே வரும் நேரங்கள் அதிலிருந்து எடுத்தவை.

அந்த வாரம் திங்கட்கிழமை காலை 11.05க்கு முதல் முறை நின்றது. பிற்பகலில் இரண்டு முறை. செவ்வாயன்று ஐந்து முறை. கிடங்கின் மொத்த இருப்புப் பட்டியல் சனிக்கிழமை நண்பகலுக்குள் அச்சாகி வேனில் ஏறியாக வேண்டும். பாதி அச்சில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். செவ்வாய் மாலை மேலாளர் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்:

"சனிக்கிழமை மத்தியானம் லிஸ்ட் கையில இல்லைன்னா, எவனால இது நிக்குதோ அவன் வீட்டுக்குப் போயிடலாம். ஆம்பளை பொம்பளை கணக்கு கிடையாது."

நெட்வொர்க்கில் பழுது தேட ஒரு முறை உண்டு. கேபிளை நடுவில் கழற்றி அங்கே டெர்மினேட்டரை மாட்ட வேண்டும். ஒரு பாதி ஓடினால் பழுது மறு பாதியில் இருக்கிறது. அந்தப் பாதியை மறுபடியும் பாதியாக்க வேண்டும். மூன்று சோதனைகளில் இடம் தெரிந்துவிடும். புதன்கிழமை எனக்கு மூன்றாவது மேசையில் தெரிந்தது. கேபிள் துண்டை மாற்றினேன். ஒரு மணி நேரம் கழித்து ஐந்தாவது மேசையில் தெரிந்தது. அதையும் மாற்றினேன். பிறகு முதல் மேசை. பழுது இப்படி இடம் மாறிக்கொண்டிருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை 11.40க்கு நான்காவது மேசைக்குக் கீழே படுத்து, இடது கையால் இரும்பு மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் இணைப்பைத் தொட்டேன். யாரோ சம்மட்டியால் தோளில் அடித்த மாதிரி இருந்தது. முழங்கை பின்னால் இருந்த கண்ணாடி பீரோவை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. எட்டுத் தையல். மருத்துவமனைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான் காரணம் புரிந்தது. பூமிக்குள் இறங்க வேண்டிய கசிவு மின்சாரம் வழி இல்லாமல் கேபிளின் உலோக உறையில் ஓடிக்கொண்டிருக்கிறது; அதனால்தான் பழுது ஓர் இடத்தில் நிற்கவில்லை.

மறுநாள் மீட்டர் வைத்துப் பார்த்தேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது முப்பத்தெட்டு காட்டியது.

கசிவு மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி காம்பவுண்டின் மூலையில், கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. உப்பும் கரியும் போட்டுப் புதைத்த குழாய், அதன் வாயில் ஒரு புனல். கோடையில் தினம் இரண்டு வாளி நல்ல தண்ணீர் அதில் ஊற்ற வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தவன் நான். ஊற்ற வேண்டியவர் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்கா. புனலின் சல்லடையைத் தூக்கினேன். உள்ளே எறும்புகள் புற்று வைத்திருந்தன. மண் மாவாக உதிர்ந்தது. காய்ந்த மண்ணில் மின்சாரம் இறங்காது.

அந்த அக்கா அடுத்த தெருவில் இருந்தார். அங்கே இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் லாரி வரும். லாரி வந்தால் ரத்தம் வராமல் போகாது. ஒரு பெண்ணின் கையை இன்னொருத்தி கடித்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். ரப்பர் குழாயைப் பிடுங்கும் சண்டையில் ஒருவருக்கு முன்பல் இரண்டும் போயின. எங்கள் அலுவலகத்தில் தரைத்தொட்டி இருந்தது. வாரம் ஒரு லாரி எங்களுக்குத் தனியாக வந்து இறங்கும்.

"எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துறீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"டெய்லி ஊத்திகினுதான் கீறேன் சார்."

"எறும்புப் புத்து இருக்கே."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "ரெண்டு பக்கெட்டும் வூட்டுக்குத்தான் எடுத்துகினு போனேன். மூணு வாரமா. அஞ்சு பேரு சார் எங்க வூட்ல. மண்ணுல ஊத்த மனசு வர்ல." குரலைத் தாழ்த்தினார். "அந்தாளு கைல சொல்லிடாத சார். தொரத்திடுவான்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மாலை 5.40க்கு நோட்டில் எழுதினேன்: "காரணம்: எர்த் குழி வறண்டுள்ளது. துப்புரவுப் பணியாளர் மூன்று வாரமாகத் தண்ணீர் ஊற்றவில்லை." அவரைக் காட்டிக்கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. காரணம் என்ற கட்டத்தை நான் ஒரு நாளும் காலியாக விட்டதில்லை, அவ்வளவுதான். மேலாளர் அன்று வெளியே போயிருந்தார். நோட்டு அவர் மேசையில் காத்திருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பட்டியலை அச்சுக்குக் கொடுத்தோம். 9.50க்கு நின்றது. மேலாளர் அறைக்குள் ஏதோ உடைந்தது. நானே இரண்டு வாளிகளில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கீழே போனேன். பகலில், கேட் திறந்திருக்க, நான் அதைச் செய்திருக்கக் கூடாது. லாரி அன்று வரவில்லை. ஏழு மணியிலிருந்து காத்திருந்த வரிசை வெயிலில் வளைந்து எங்கள் கேட் வரைக்கும் வந்திருந்தது.

முதல் வாளியைச் சாய்த்தேன். மண் உறிஞ்சும் சத்தம் கேட்டது. இரண்டாவதையும் சாய்த்தேன்.

"இன்னாய்யா அது, செடியா வெச்சிகீற?" என்றது ஒரு குரல்.

"ஒண்ணும் இல்ல அங்க. வெறும் மண்ணு. மண்ணுக்கு ஊத்துறான் பாரு!"

"கம்ப்யூட்டருக்கும்மா. எர்த்துக்குத் தண்ணி வேணும்," என்றேன்.

"இன்னா, கம்ப்யூட்டருக்குத் தாகமா? சோறும் போடுவியா?"

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கேட்டுக்குள் வந்துவிட்டார்கள். வரிசையில் அந்த அக்காவும் குடத்தோடு நின்றிருந்தார். யாரோ அவர் பக்கம் திரும்பினார்கள். "நீ இங்கதானே வேலை செய்ற? தெனம் இப்டித்தான் ஊத்திகினு இருந்தியா?"

அவர் மேலே பார்த்தார். ஜன்னலில் மேலாளர் நின்றிருந்தார். ஊற்றினேன் என்றால் தெரு அவரை அடிக்கும். ஊற்றவில்லை என்றால் வேலை போகும். அக்கா இரண்டையும் சொல்லவில்லை. "இந்த ஆளுதான் ஊத்தச் சொல்லிகினே இருந்தான்!" என்று கத்திக்கொண்டு குடத்தைச் சுழற்றினார். பிளாஸ்டிக் குடத்தின் விளிம்பு என் இடது புருவத்தைப் பிளந்தது.

நேரம் 10.10. அதற்குப் பிறகு யார் எங்கே அடித்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. விழுந்தேன். விலாவில் உதைத்தார்கள். ஒருவன் என் தலைமயிரைப் பிடித்து முகத்தை அந்த ஈரமண்ணிலேயே தேய்த்தான். "குடிடா, குடி!" வாயில் உப்பும் கரியும் ஏறின. வியாழக்கிழமை போட்ட தையல் பிரிந்து சட்டைக்கை நனைந்தது.

மேலாளர் ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பியோடு இறங்கி வந்தார். கூட்டத்தைப் பார்த்து அடித்ததாகத்தான் பிறகு சொன்னார். நான் தரையிலிருந்து பார்த்தேன். நேராக அந்த அக்காவிடம் போய், "ஊத்தாம ஏமாத்தினது நீதானேடி!" என்று ஓங்கினார். அதற்குள் நோட்டைப் படித்திருக்கிறார். அக்கா மணிக்கட்டை உயர்த்தித் தடுத்தார். காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். அதைக் கேட்டுத் தெரு கல்லை எடுத்தது. மாடியில் ஒரு கண்ணாடிகூட மிஞ்சவில்லை. கண்ணாடி நொறுங்கும் சத்தத்துக்கு நடுவே, மேலே பிரிண்டர் கரகரவென்று நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. மண் ஈரமாகிவிட்டது. நெட்வொர்க் ஓடுகிறது. குமாஸ்தா பட்டியலை மறுபடி முதலிலிருந்து அச்சுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

காவல் நிலையத்தில் எங்களை இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். எதிர்ப் பெஞ்சில் அக்கா துண்டால் மணிக்கட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன. மேலாளர் நோட்டைச் சாட்சிக்கு எடுத்து வந்து பெஞ்சில் போட்டிருந்தார். காத்திருந்த நேரத்தில் நான் அதை எடுத்து அன்றைய பதிவை எழுதினேன்.

சப்-இன்ஸ்பெக்டர் கூப்பிட்டதும் மேலாளர் முந்திக்கொண்டார். "கேஸ் போடுங்க சார். வேணும்னே நெட்வொர்க்கைக் கெடுத்திருக்கா. கேட்டதுக்கு இவன் மண்டையை உடைச்சிருக்கா. இவன் நோட்டிலயே இருக்கு."

"படிய்யா," என்றார் சப்-இன்ஸ்பெக்டர் என்னிடம்.

வெள்ளிக்கிழமை பதிவைப் படித்தேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நிறுத்தாமல் சனிக்கிழமையையும் படித்தேன். காலை 10.10, பணியாளர் குடத்தால் என்னை அடித்தார். 10.20, மேலாளர் ஷட்டர் கம்பியால் பணியாளரின் வலது மணிக்கட்டில் அடித்தார், எலும்பு முறிந்தது.

"அதை யாருடா எழுதச் சொன்னது?" மேலாளர் என் பிடரியில் ஓர் அறை விட்டார், காவல் நிலையத்துக்குள்ளேயே.

சப்-இன்ஸ்பெக்டர் மேசையை லத்தியால் தட்டினார். "கேஸ் போட்டா முதல்ல நீங்கதான் உள்ள போவீங்க. ரெண்டு பேரும் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுக் கெளம்புங்க."

எழுதிக்கொடுத்தார்கள். வாசல்படியில் மேலாளர் அக்காவைப் பார்த்து, "திங்கக்கிழமைலேர்ந்து உள்ள கால் வைக்காதே," என்றார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. பட்டியல் வேனில் ஏறிவிட்டது, கேபிளைக் கவனிக்க வேறு ஆளும் இல்லை.

அவர் போன பிறகு, "டாக்டர்கிட்ட போலாம்க்கா, ஆட்டோ கூப்பிடறேன்," என்றேன்.

"ஒண்ணும் வேணாம். அட்ச்சதுக்கு மன்னிச்சிக்கோ." உடைந்த கையை மறு கையால் தாங்கியபடி என்னைப் பார்த்தார். "மேல கை கழுவுற தண்ணி பூரா சாக்கடைக்குத்தானே போவுது? அத்த அந்தக் குழிக்குத் திருப்பிவுட்டா ஆவாதா? நல்ல தண்ணிதான் கேக்குமா உன் கம்பி?"

"ஆகும்," என்றேன்.

"அத்த என் கைல ஒரு வார்த்த கேட்டியா சார் நீ?"

மெயின் ரோட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

திங்கட்கிழமை கழிவுநீர்க் குழாயை வெட்டி, பதினொரு அடி பிளாஸ்டிக் குழாய் மாட்டி, எர்த் குழிக்குத் திருப்பினேன். நாற்பது நிமிட வேலை. மாலையில் மீட்டர் ஒன்றரை வோல்ட் காட்டியது. அந்தக் கோடையில் நெட்வொர்க் மறுபடி நிற்கவில்லை. புதன்கிழமையிலிருந்து வேறொரு அம்மா பெருக்க வந்தார். குழியைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.