சிம்மத்திலிருந்து கொட்டும்!

ஆகாயத்தைச் சுருட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவது என் தொழில். காற்றடைத்தால் நிமிரும் துணிக்கூடாரம், உள்ளே ஒரு ப்ரொஜெக்டர். பட்டப்பகலிலேயே நட்சத்திரம் காட்டுவேன். நாலு பேர் முன்னால் நின்று எதையாவது விளக்கிப் பிழைக்கிறவர்களே, நீங்களாவது என் பாட்டைக் கேளுங்கள்.

கடகத்துக்கு என்ன?

கூரம் பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்கு ஒரு காட்சி. "டிசம்பர் மாத எரிகற்கள் மிதுன ராசி நட்சத்திரங்கள் இருக்கிற திசையிலிருந்து வருவதுபோலத் தெரியும். அதனால்தான் மிதுன எரிகற்கள் என்று பெயர். மற்றபடி உங்கள் ராசிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது" என்று தொண்டை வறளச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு ஜீவனுக்காவது புரிந்ததே என்ற பூரிப்பில், "சந்தேகம் இருக்கா சார்?" என்றேன்.

"நல்லா புரிஞ்சுதும்மா. எனக்குக் கடகம். நான் பாக்கலாமா, இல்ல பரிகாரம் எதனா இருக்குதா?"

சம்பந்தி வீடு

தென்னேரி மகளிர் குழுவில், "நவம்பரில் சிம்மத்திலிருந்து கொட்டும்" என்று வேகத்தில் சொல்லிவிட்டேன். குழுவிலிருந்த வசந்தாவின் மகளுக்கு நவம்பரில்தான் கல்யாணம். மாப்பிள்ளை சிம்ம ராசி. பேச்சு சம்பந்தி வீடுவரை போய்விட்டது. மறுநாள் வசந்தா போனில் அழுதார்: "தேதிய தள்ளணும்ன்றாங்க. வேற மண்டபம் கெடைக்காதும்மா. நீயே வந்து சொல்லு."

என் வாயால் ஒரு கல்யாணம் நிற்பதா? பதறிக்கொண்டு ஓடினேன். "அரக்கோணத்துப் பக்கமிருந்து ரயில் வந்தா, அரக்கோணமே கிளம்பி வருதுன்னா அர்த்தம்? சிம்மம் அங்கேயேதாம்மா இருக்குது. கல்லு வர்ற பக்கம் மட்டும்தான் அது" என்றேன். வசந்தா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலைத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"சரி, அதே தேதியில நடக்கட்டும். எம்புள்ளைக்கு ஏற்கெனவே முடி கொட்டிக்கினு இருக்குது. மேல வேற எதுவும் கொட்டக்கூடாதேன்னுதான் பயந்தேன்."

பழைய பேர்

ஏனாத்தூர் விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் ஒரு முன்னாள் கவுன்சிலர். ஜனவரி எரிகற்களைப் பற்றிச் சொன்னேன்: அவற்றுக்குப் பெயர் தந்த நட்சத்திரக் கூட்டத்தை வானவியல் வரைபடத்திலிருந்து எப்போதோ நீக்கிவிட்டார்கள், ஆனாலும் எரிகற்களுக்கு அந்தப் பெயரே நீடிக்கிறது. அதுவரை கூடாரத்துக்குள் சுகமாகக் குறட்டை விட்டவர், எழுந்து உட்கார்ந்து தனியாகக் கை தட்டினார்.

"கரெக்டும்மா! பதவி போயி எவ்ளோ நாளாச்சு, எங்க தெருவுல இன்னும் என்னைக் கவுன்சிலர்னுதான் கூப்புட்றாங்க."

எரிகல் எங்கிருந்து வருகிறது என்று சொல்லத்தான் நான் ஊர் ஊராக அலைகிறேன். எல்லோரும் கேட்பதோ அது யார் தலையில் விழும் என்பதைத்தான்.