பன்னிரண்டு படம்

ஷஹனாஸுக்கு ஆஃப்ரின்மேல் இருந்த பொறாமைக்கு வயது பதினான்கு. இரண்டு பேரும் பாலக்கரைக்காரர்கள்; அடுத்தடுத்த தெரு, ஒரே கல்லூரி, ஒரே பெஞ்சு. கேமரா வாங்கியதுகூட ஒரே வாரத்தில்தான். ஷஹனாஸ் வாங்கியது விலை கூடியது. காவிரிப் பாலத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இவள் படத்தில் பாலம் இருக்கும். அவள் படத்தில் பாலத்தில் நடந்துபோன பூக்காரி சட்டென்று நின்று யாரையோ திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதே பூக்காரி இவள் கண்முன்னாலும்தான் போனாள். அவள் எப்படித் தன் கேமராவுக்குள் வராமல் போனாள் என்று ஷஹனாஸுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆறே மாதத்தில் கேமராவை விற்றுவிட்டு, "எனக்கு அதுல இன்ட்ரெஸ்ட் இல்ல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பிறகு வெப்சைட், ஆப் டிசைன் பக்கம் போனாள். பொய் சொல்லக் கூடாது, அந்த வேலையில் அவள் கெட்டிக்காரி. எந்தப் பட்டன் எங்கே இருந்தால் மனுஷன் விரல் தானாக அங்கே போகும் என்பது அவளுக்கு அத்துப்படி. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வேலை தேடி வந்தது. ஆனால் பாலக்கரையில் அதைப் பாராட்ட யார் இருக்கிறார்கள்? எந்த நிக்காஹுக்குப் போனாலும் யாராவது ஒருத்தி கையைப் பிடித்துக்கொள்வாள். "நீ ஆஃப்ரின் ஃபிரண்டுதானே? அடுத்த மாசம் அவ தேதி கிடைக்குமா, கேட்டுச் சொல்லேம்மா." கேட்டுச் சொல்வாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, தின்ற பிரியாணி செரிக்காமல் கிடப்பாள்.

ஆஃப்ரின் எடுப்பதெல்லாம் நிக்காஹில் பெண்கள் பக்கம். அங்கே ஆண் போட்டோகிராபர் எட்டிப் பார்க்க முடியாது. அவள் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். மணப்பெண் வீட்டிலேயே லேப்டாப்பை விரித்து உட்கார்ந்து படங்களைச் சரிசெய்வாள். முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிப் பெண்ணின் அம்மா கையில் கொடுத்துவிட்டு, தன்னிடம் இருப்பதை அந்த அம்மா கண்முன்னாலேயே அழித்துக் காட்டுவாள். ஒரு படம் மிச்சம் வைத்துக்கொள்ள மாட்டாள். இந்த ஒரு காரியத்துக்காகவே பாலக்கரையும் பீமநகரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின.

போன வருஷம் ஷஹனாஸுக்கு ஒரு யோசனை வந்தது. நம் ஊரில் நல்ல போட்டோகிராபரைக் கண்டுபிடிப்பது இன்னும் விசாரித்து விசாரித்துத்தான் நடக்கிறது. தேதி, ஊர், என்ன விசேஷம் என்று போட்டால், அன்றைக்கு யார் கிடைப்பார், அவர் எடுத்த படங்கள் எப்படி என்று காட்டி, அங்கேயே புக் செய்துகொள்ள ஒரு தளம். "படக்காரர்" என்று பேர் வைத்தாள். புரோகிராம் எழுத அறிவுமதி சேர்ந்தான். ஸ்ரீரங்கத்துக்காரன், இவளைவிட நாலு வயது சின்னவன். தெற்கு உத்திர வீதியில் அவன் வீட்டு மாடி அறைதான் ஆபீஸ். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துத் தினம் போய்வந்தாள். யாரும் கையைப் பிடித்து ஆஃப்ரின் தேதி கேட்காத ஒரே இடம் அந்த மாடி அறை.

போட்டோகிராபர்கள் பதிவு செய்யும் படிவத்தை அவள்தான் வரைந்தாள். பேர், ஊர், போன், அனுபவம். கடைசியாக ஒரு கட்டம்: தாங்கள் எடுத்த கல்யாணப் படங்கள் பன்னிரண்டு ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் பக்கம் திறக்காது.

"பன்னெண்டு ஜாஸ்திக்கா," என்றான் அறிவுமதி. "இஷ்டப்பட்டவங்க ஏத்தட்டும்னு விட்டுடலாமே."

"படம் காட்டாத போட்டோகிராபரை எவன் நம்புவான்? தரம்னு ஒண்ணு வேணாமா?"

நல்ல பதில். அதில் யாரும் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் "கட்டாயம்" என்ற இடத்தில் டிக் போடும்போது, பன்னிரண்டு என்ன, ஒன்றுகூட ஏற்ற முடியாத ஒருத்தியின் முகம்தான் அவள் மனதில் இருந்தது. டிக் போட்டதும் பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

தளம் திறந்த நாலாம் நாள் ஆஃப்ரின் போன் செய்தாள்.

"பன்னெண்டு படம் கேக்குதுடி. எங்கிட்ட ஏது?"

"எல்லாருக்கும் ஒரே ரூல்தான்டி. உனக்கு மட்டும் மாத்துனா நல்லாவா இருக்கும்?"

"அய்யோ, மாத்தாத. சும்மா கேட்டேன்."

அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் ஷஹனாஸுக்கு அன்று சாப்பாடு ருசித்திருக்கும்.

சமயபுரம், லால்குடி, மணப்பாறை என்று நூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்தார்கள். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாவற்றுக்கும் புக்கிங் வந்தது. நிக்காஹுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. ரமலானுக்கு முந்தின ஷஃபான் மாதத்தில்தான் ஊரில் நிக்காஹ்கள் குவியும். பாலக்கரையில் பெரிய மஹால் வைத்திருக்கும் சேக் மைதீன் பாய், "ஷஃபானுக்குப் பத்து நிக்காஹ் பிடிச்சுக் காட்டும்மா. அப்புறம் என் மஹால் விசேஷம் அத்தனையும் உன் தளத்துலதான்" என்று சொல்லியிருந்தார். அது கைகூடாவிட்டால் அறிவுமதி பெங்களூர் வேலைக்குப் போய்விடுவான். "படக்காரர்" கடையைச் சாத்த வேண்டியதுதான்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் அறிவுமதி, தளத்தில் ஜனங்கள் என்ன தேடுகிறார்கள் என்ற பட்டியலை எடுத்துக் காட்டினான்.

"அக்கா, யாருக்கா இந்த ஆஃப்ரின்? நூத்திப் பத்து பேர் இந்தப் பேரை அடிச்சுத் தேடியிருக்காங்க. கிடைக்கலைன்னதும் மூடிட்டுப் போயிடறாங்க."

ஷஹனாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தளத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டியவள் இவள். இவள் வாசலில் வந்து நின்றுகொண்டு ஊரே அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. "எனக்கென்ன தெரியும்" என்றாள்.

கல்யாணத்துக்குப் பிறகு ஷஹனாஸ் இருந்தது பீமநகரில். மறுநாள் ஆஃப்ரின் அந்த வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"உன் கல்யாணப் படத்துல பன்னெண்டு குடுடி. நீ தனியா இருக்கறது மட்டும். உன் முகம், நீ சரின்னா சரி. நான் யாருக்கும் குடுத்த வாக்கு தவறினதா ஆகாது. நீயே பொறுக்கிக் குடு."

ஷஹனாஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்த தன் நிக்காஹுக்கு ஆஃப்ரின் வேண்டாம் என்றுதான் சொன்னாள். அம்மா ரஷீதா கேட்கவில்லை. அம்மா பொறுக்கிப் போட்ட ஆல்பத்தை விருந்தாளிகள் வந்தால் புரட்டிக் காட்டுவதோடு சரி. அத்தனை படமும் இருந்த பென்டிரைவ், நிக்காஹ் புடவைக்கு அடியில் பீரோவில் கிடந்தது. ஒரு தடவைகூட அவள் அதைத் திறந்ததில்லை. "பாத்துச் சொல்றேன்" என்று ஆஃப்ரினை அனுப்பிவைத்தாள்.

அடுத்த நாள் மகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு அதை லேப்டாப்பில் செருகினாள். அறுநூறு படம். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தாள். மருதாணிக் கை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பாயசத்துக்குச் சர்க்கரை பார்க்கிறாள். சித்தி பெண் ஒருத்தி கண்ணாடியில் கம்மலைத் திருகுகிறாள். படங்களில் ஷஹனாஸ் ரொம்ப அழகாக இருந்தாள். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

பாதி தாண்டியதும் ஒரு படம் வந்தது. மாமியார் தாலிபோலக் கழுத்தில் கருகமணி கட்டுகிறார். சுற்றி நிற்கும் பெண்கள் எல்லோரும் கருகமணியைப் பார்க்கிறார்கள். மணப்பெண் மட்டும் தலையை நிமிர்த்தி நேராகப் பார்க்கிறாள், கேமராவைப் பிடித்திருப்பவளை. கண் நிறைய அப்பட்டமான பொறாமை. கல்யாண நாளும் அதுவுமாக, பட்டும் பூவும் நகையுமாக, ஊரே தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்.

வெளிச்சம் சரி. கோணம் சரி. குறை என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. யாருக்கும் தெரியாது என்று அவள் இத்தனை வருஷம் மூடி மூடி வைத்திருந்ததை ஆஃப்ரின் அன்றைக்கே பார்த்திருக்கிறாள். பார்த்து, எடுத்து, மற்ற படங்களோடு சேர்த்து அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதற்குப் பிறகும் வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்து "சாப்டியாடி" என்று கேட்டிருக்கிறாள். ஷஹனாஸுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

லேப்டாப்பை மூடிவிட்டு நேரே ஸ்ரீரங்கம் போனாள். படிவத்தைத் திறந்து அந்தக் கட்டாயத்தை எடுத்தாள். அந்த இடத்தில், படம் காட்ட முடியாதவர்கள் தாங்கள் படம் எடுத்த மூன்று வீட்டாரின் வார்த்தையை வாங்கிப் போட்டால் போதும் என்று மாற்றினாள். ஆஃப்ரினுக்கு முதல் வீடாகத் தன் பேரையே போட்டு எழுதினாள்: "என் நிக்காஹுக்கு இவர்தான் படம் எடுத்தார். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே உட்கார்ந்து பார்த்தேன். கிடைக்கவில்லை. ஒரு படமும் வெளியே போகவில்லை."

அறிவுமதி எட்டிப் பார்த்தான். "இவங்களைத்தானேக்கா தெரியாதுன்னீங்க?"

"உன் வேலையப் பாரு."

மற்ற இரண்டு வீட்டு வார்த்தைகளையும் அவளே போன் செய்து கேட்டு மத்தியானத்துக்குள் வாங்கிப் போட்டாள். சாயங்காலத்துக்குள் ஆஃப்ரினுக்கு நாலு நிக்காஹ் புக் ஆயிற்று. போனில் ஒவ்வொரு தடவை மணி அடித்தபோதும் ஷஹனாஸுக்கு வயிறு எரியத்தான் செய்தது. அது அவ்வளவு சீக்கிரம் விட்டுப் போகிற வியாதி இல்லை.

பஸ்ஸுக்கு நின்றுகொண்டே ஆஃப்ரினைப் போனில் கூப்பிட்டாள்.

"உன் பக்கம் திறந்தாச்சு. என் படம் வேணாம்."

"எல்லாத்தையும் பாத்தியா?"

"பாத்தேன்." ஒரு பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. "கருகமணி கட்டறப்ப ஒண்ணு எடுத்தியே. அதை ஏண்டி அழிக்காம குடுத்த?"



"அழிக்கத்தான் போனேன். மனசு வரல," என்றாள் ஆஃப்ரின். "அன்னிக்கு முழுக்க நீ என் முகத்தைப் பாத்தது அந்த ஒரு தடவைதான்டி."