சந்தனம் எதில் நிற்கும்?

குலசாமியையும், அண்ணனின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்கள் எல்லோரையும் கும்பிட்டுத் தொடங்குகிறேன். எனக்குக் கட்டுரை எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆனால் அவனியாபுரத்தில் என் முலாம் பட்டறையைத் தெரியாத ஆள் கிடையாது. பீரோக் கைப்பிடியோ, ஆஸ்பத்திரிக் கட்டிலோ, புல்லட் வண்டி சைலன்சரோ, எதுவானாலும் என் தொட்டியில் முக்கி எடுத்தால் அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். யாருடைய தயவும் இல்லாமல் மேலே வந்தவன் நான். அப்பேர்ப்பட்ட எனக்கே அண்ணன் விஷயத்தில் ஒன்று மட்டும் இன்றுவரை விளங்கவில்லை.

அண்ணன் செக்கானூரணிக்கு மேற்கே, மழையை நம்பிய காட்டில் பிறந்தவர். அய்யா காலமானபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. அன்றே ஏரைப் பிடித்தார். அம்மாவுக்கும் எனக்கும் ஒரு வேளைச் சோறு குறைய விடவில்லை. என்னை மதுரைக்குப் பஸ் ஏற்றிவிட்டவரும் அவர்தான். யாருடைய தயவும் இல்லாமல் என்று மேலே எழுதியதில் அந்தப் பஸ்ஸைச் சேர்க்க வேண்டாம்.

போர்வெல் குழாயைத் தூக்கும்போது சங்கிலி அறுந்து, குழாய் அண்ணனின் வலது தோளில் விழுந்தது. அதன்பிறகு அந்தக் கை முழுதாக எழவில்லை. ஒற்றைக் கை பலத்திலேயே கடலையும் கரும்பும் விளைவித்தார், மகளைப் படிக்க வைத்தார். மதினியை அதட்டி ஒரு சொல் பேசியவர் இல்லை.

காட்டுப்பன்றித் தொல்லைக்காக அண்ணனிடம் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருந்தது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார், பன்றி ஓடிவிடும். ஒன்றைக்கூடச் சாய்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆயுத பூஜையன்று மண்வெட்டி, மருந்தடிக்கும் டேங்க், மோட்டார் இவற்றோடு துப்பாக்கியையும் வைத்து, குழலில் மூன்று இடத்தில் ஈரச் சந்தனம் அப்பி, குங்குமம் இடுவார். சாமிக்கு வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாகத்தான் உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். வருடா வருடம் அதே மூன்று இடம். உதிர்ந்த பொட்டுக்கு அடியில் துரு அரித்துக் குழியே விழுந்துவிட்டது.

டவுனில் துப்பாக்கிக் கடைக்காரர் குழலைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணே, இதுல இனிமே தோட்டா போட்றாதீங்க. வெடிச்சா பன்னிக்கு ஒண்ணும் ஆகாது, உங்களுக்குத்தேன் ஆகும்.”

சரி, புதிதாகவே செய்துவிடலாம் என்று முடிவானது. அண்ணனின் இடது தோளுக்கு அளவெடுத்தார்கள். கட்டைக்கு மரம் பார்த்தாயிற்று. இரும்புக்கு என்ன பூச்சு என்பதில்தான் வந்தது வினை. கடைக்காரர் மாதிரிக்கு இரண்டு துண்டு இரும்பை எடுத்து வைத்தார். ஒன்று பார்வைக்குக் கருப்பாகவே தெரியும் கருநீலம், மற்றது நிக்கல்.

“இதுல என்னண்ணே யோசனை? நிக்கல்தேன். நானே போட்டுத் தாரேன். எம்புட்டுத் தூரத்துல நின்னாலும் மின்னும்,” என்றேன்.

“மின்னுனா பன்னி பார்த்துட்டு ஓடிப் போயிரும்ல?” என்றார் கடைக்காரர்.

“ஓடத்தான வேணும்? நின்னு நம்மகூடச் சாப்பிடவா போகுது?” என்றார் அண்ணன்.

அப்படியானால் நிக்கல்தான் என்று நான் எழுந்தேன். அண்ணன் எழவில்லை. இரண்டு துண்டையும் கட்டை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். கடைசியில், “கருப்பே இருக்கட்டும்,” என்றார். எனக்கு முகம் தொங்கிப் போனது. மறுநாளே போன் வந்தது.

“தம்பி, கருப்பு வேணாம்டா.”

“அப்ப நிக்கலாண்ணே?”

“அது வழுக்குதேடா.”

“புடிக்கிறதுக்குத்தேன் மரம் இருக்குல்ல? கை எப்பிடி வழுக்கும்?”

“கைக்குச் சொல்லலடா,” என்று வைத்துவிட்டார்.

அதற்குள் அண்ணனை உடம்பு படுத்திவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு சாயங்காலம் என் கையைப் பிடித்து, “தம்பி, சந்தனம் எதுல நிக்கும்?” என்று கேட்டார். காய்ச்சலில் பேசுகிறார் என்று நினைத்து, “எல்லாத்துலயும் நிக்கும்ணே, தூங்குங்க,” என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். பிறகு எங்களிடம் அவர் பேசவில்லை.

காரியம் முடிந்ததும், லைசென்ஸை மகள் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுத்தோம். கடைக்காரர் பூச்சு என்ன என்று கேட்டு ஆள் அனுப்பினார். அண்ணன் ஆசைப்பட்டதைத்தான் போட வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்று. அது எது என்பதில்தான் ஆளுக்கொன்று.

“கருப்புன்னுதான் தம்பி என்கிட்டச் சொன்னாரு,” என்றார் மதினி.

“நிக்கல்னாரே சித்தப்பா. இருட்டுல தேட வேணாம்னாரு,” என்றாள் மகள்.

மதினியின் அண்ணன் ஒருவர் பந்தியில் இருந்தபடியே, “பேசாமப் பச்சைப் பெயிண்டு அடிச்சு விடுங்க மாப்ள, வயலுக்கு வயலாச்சு,” என்றார். அந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதலில் சிரிப்புக் கேட்டது.

நான் அந்த இரண்டு துண்டையும் பட்டறைக்குக் கொண்டுபோய், சந்தனம் அப்பி வைத்தேன். கருப்பில் பொட்டு நின்றது, அடியில் துரு பூத்தது. நிக்கலில் துரு இல்லை, ஆனால் காய்ந்ததும் பொட்டு ஏடாகப் பெயர்ந்து கீழே விழுந்துவிட்டது. அண்ணன் ஆஸ்பத்திரியில் கேட்டது அப்போதுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது.

லைசென்ஸ் இல்லாதவன் கையில் குழலை விட்டுப் போகக் கூடாது என்று, கடைக்காரர் குழலோடு தானே வந்து பட்டறையில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். குழலின் வாயை அடைத்து, மேலே மணல் அடித்துச் சொரசொரப்பாக்கி, அதற்கு மேல் நிக்கல் ஏற்றினேன். சாம்பல் நிறத்தில், மினுக்கே இல்லாமல் வந்தது. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் திருப்பி முக்கச் சொல்லியிருப்பேன். “மொதலாளி, தொட்டி கெட்டுப் போச்சா?” என்று என் ஆட்களே கேட்டார்கள்.

லைசென்ஸும் வந்து, ஆயுத பூஜையும் வந்தது. மகள் மூன்று பொட்டு வைத்தாள். நின்றது. வெகுநாள் கழித்துத் தானாகத்தான் உதிர்ந்தது. அடியில் துரு இல்லை. மதினி விரலால் தடவிப் பார்த்து, “இதைத்தேன் கேட்டாரோ என்னமோ,” என்றார். நானும் அவ்வளவுதான் சொல்ல முடியும். கருப்பு என்றார், நிக்கல் என்றார், இரண்டும் வேண்டாம் என்றார். இது அவர் சொல்லாத மூன்றாவது.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்கும், நடக்கும் கரும்பு வெட்டுக்கு நடுவே வேலையைப் போட்டுவிட்டு வந்து தோள் கொடுத்த ஊர்க்காரர்களுக்கும், பந்தியை முன்னே நின்று நடத்திய சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களில் யாரிடமாவது அண்ணன் அந்தத் துப்பாக்கியைப் பற்றி வேறு ஏதாவது சொல்லியிருந்தால், கூச்சப்படாமல் வந்து சொல்லுங்கள். போட்ட முலாமை உரித்துத் திரும்பப் போட என்னை விட்டால் மதுரையில் ஆள் கிடையாது.