சின்னபாபு சமுத்திரத்துக்குத் தப்பிப் போன பயணி

நான் தனியாக ஒரு குழுவை அழைத்துப் போன முதல் நாள். வில்லியனூரில் பாசஞ்சர் ரயில் நின்றது. எட்டுப் பேரில் ஏழு பேர்தான் இறங்கினார்கள். எட்டாமவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, எங்களுக்குச் சிரித்துக் கை காட்டிக்கொண்டே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரியிலிருந்து ஆட்களை அழைத்துப் போவது எங்கள் வேலை. பிரெஞ்சுக்காரர் காலத்து ரயில் பாதையில் வில்லியனூர் வரை ரயில். ஸ்டேஷனுக்கு எதிரே கொட்டகையில் சைக்கிள்கள். பிறகு ஏரிக்கரை, கரும்பு வயல், வரப்பில் ஒரு நடை. கைடு என்று என்னைச் சொல்வார்கள்.

போனவர் பெயர் கலியபெருமாள். அறுபத்தைந்து வயதிருக்கும். அவர் மனைவி தேவகி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பின்னால எறங்குறாருன்னு நெனச்சேன் கண்ணு. அவருக்கு ஞாபகம் நிக்காது. போனும் என் பையிலதான் கீது."

புக்கிங் செய்தபோது 'உடம்புக்கு ஏதாவது?' என்று கேட்டிருந்தேன். ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருந்தார். அதைப் பேச அப்போது நேரமில்லை. ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடினேன். அவர் அடுத்த ஸ்டேஷனான சின்னபாபு சமுத்திரத்துக்குப் போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"எறக்கிட்டாங்களாம்மா. ஆனா ஒரு எடத்துல உக்கார மாட்டேன்றாராம். தண்டவாளத்துப் பக்கமே போறாராம். சீக்கிரம் போங்க."

அன்று கோயில் தேர். ஆட்டோ எதையும் ஊருக்குள் விடவில்லை. நான் சைக்கிளை எடுத்தேன். தேவகியம்மாவும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

"நீங்க இங்கயே இருங்கம்மா, நான் கூட்டினு வரேன்."

"நான் இல்லாம அவரு யார் கூடவும் வரமாட்டாரு. குருவிநத்தத்துலருந்து பாகூர் சந்தைக்கு இந்தக் காலுதான் மிதிச்சிச்சு. நீ முன்னால போ."

மற்ற ஆறு பேரும், "நாங்க தேர் பாத்துனு இருக்கோம், போங்க" என்றார்கள்.

அரியூர் தாண்டும் வரை இருவரும் வேகமாக மிதித்தோம். லாரிகள் உரசிக்கொண்டு போயின. தண்டவாளம், தண்டவாளம் என்றே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டோரம் ஒரு நிழலில் மூச்சு வாங்க நின்றபோது கேட்டேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா கூட்டினு வந்திருப்பியா?"

மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"மூணு வருசமா அவரு போற வழியெல்லாம் நான்தான் பாக்குறேன். ஒரு நாளாவது அந்த வேலைய வேற யாராவது பாக்கட்டும்னு வந்தேன்" என்றார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறி மிதித்தார்.

சின்னபாபு சமுத்திரத்தில் கலியபெருமாள் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். டிக்கெட் கொடுக்கும் அம்மா கெட்டிக்காரி. "உங்க சம்சாரம் வராங்க, எடம் புடிச்சு வைங்க" என்று சொல்லியிருக்கிறார். அவரும் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து இடம் பிடித்திருந்தார். ஹெல்மெட்டோடு தேவகியம்மா உட்காரப் போனதும் கையை நீட்டித் தடுத்தார்.

"இது என் வூட்டுக்காரி எடம்மா."

தேவகியம்மா ஹெல்மெட்டைக் கழற்றினார். "நான்தான்யா."

கலியபெருமாள் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. "இன்னாடி இது, இப்படி வேர்த்துக் கீது உனக்கு?" என்று செருப்பை எடுத்துக் கீழே வைத்து, கையாலேயே பெஞ்சைத் துடைத்துவிட்டார்.

நான் டிக்கெட் கவுன்டர் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

நடந்ததைச் சொன்னதும் எங்கள் முதலாளி போனில் கத்தினார். "ரெண்டு பேரையும் கார் புடிச்சு வூட்டுக்கு அனுப்பு. நமக்கு எதுக்கு ரிஸ்க்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் தேவகியம்மா கேட்டது ஒரே ஒரு நாள். அதில் காலை பத்து மணிதான் ஆகியிருந்தது. "நான் பாத்துக்கறேன் சார்" என்று போனை வைத்தேன். மற்ற ஆறு பேரையும் அரியூருக்கு வரச் சொன்னேன். ஏரியை விட்டுவிட்டோம்.

சைக்கிள்களை ஸ்டேஷனிலேயே பூட்டிவிட்டு மூவரும் வயல் வழியாக அரியூருக்கு நடந்தோம். கலியபெருமாள் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வாய்க்காலிலும் நின்று, இது எந்த ஊர் என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் சொன்னேன். நாலைந்து தடவைக்குப் பிறகு அது எனக்குச் சிரமமாகவே இல்லை. தேவகியம்மா எங்களுக்கு வெகு பின்னால், கைகளை வீசிக்கொண்டு தனியாக வந்தார். ஓரிடத்தில் நின்று, கரும்பு வயல் மேல் பறந்த கொக்குகளைக் கடைசிக் கொக்கு போகும் வரை பார்த்தார். நான் கூப்பிடவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்த நாள் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறேன். போனில் நோயை முதலில் கேட்காதீர்கள். மறுத்துவிடுவோம் என்று பயந்துதான் மறைக்கிறார்கள். "கட்டாயம் வாங்க, கூட்டினு போறோம்" என்று முதலில் சொல்லுங்கள். அதற்கப்புறம், நாங்கள் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. போனை வைத்துவிடாதீர்கள், அதற்குப் பிறகுதான் சொல்வார்கள்.